மாதாவுக்குப் போட்ட நாற்காலி

செபம் என்பது கடவுளோடு பேசுவது என்று மறைக்கல்வி வகுப்பில் எங்களுக்குக் கற்பித்தார்கள். எங்கள் தெருவிலோ அது, கடவுளைச் சாட்சியாக நிறுத்திக்கொண்டு அண்டை வீட்டாரோடு பேசுவதாக இருந்தது. கடவுள் குறுக்கே பேசமாட்டார் என்பதை எல்லாரும் நன்றாகவே அறிந்திருந்தார்கள்.

அக்டோபர், செபமாலை மாதம். கடலூருக்குத் தெற்கே குடிகாட்டை ஒட்டியிருந்த எங்கள் தெருவிலும் அடுத்த தெருக்களிலும் சிதறிக் கிடந்த கத்தோலிக்கக் குடும்பங்கள் சேர்ந்து ஓர் அன்பியம். கோவிலுக்குப் போகாத நாள்களில் வீடுகளிலேயே கூடிச் செபிக்கும் குழுவுக்கு அதுதான் பெயர். அந்த மாதம் முழுவதும் மாதாவின் சுரூபம், அதாவது சிறு சிலை ஒன்று, மாலைதோறும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பாட்டோடும் மெழுகுவர்த்தியோடும் போகும். போன வீட்டில் செபமாலை சொல்லி முடித்ததும் மன்றாட்டு நேரம். எவரும் எதற்காகவும் வாய்விட்டு வேண்டலாம். வேண்டி முடித்ததும் கூடியிருப்போர் அனைவரும் ஒரே குரலில், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்பார்கள்.

அன்பு மிகுந்த ஏற்பாடுதான். சாக்கடை நீரை அடுத்தவர் வாசலில் திருப்பிவிடும் உள்ளங்களை ஆண்டவர் தொடவேண்டும் என்று ஒருவர் கண்மூடி வேண்டுவார். திருப்பிவிட்டவரும் அருகிலேயே கைகூப்பி அமர்ந்திருப்பார். அவரும் சேர்ந்து 'கேட்டருளும்' சொல்லியாக வேண்டும். சொன்னால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகும். சொல்லாவிட்டால் அதைவிட உறுதியாக ஒப்புக்கொண்டதாகும். மறுநாள் அவர் வேறொரு வீட்டில், எங்கிருந்தோ பறந்து வந்து தம் குடத்தில் விழும் கோழி இறகுகளுக்காக உருக்கமாக மன்றாடுவார். ஒருவரை எதிர்த்துப் பேசலாம். ஒரு மன்றாட்டை எதிர்த்துப் பேச முடியாது. இந்த வசதியைக் கண்டுபிடித்தவர் யாரென்று தெரியவில்லை. அதைக் கொண்டு என் அப்பாவை அடித்தவர்கள் யாரென்று தெரியும். அந்த மாலையில் எனக்கு மூண்ட சினம் இன்றும் தணியவில்லை; தணியவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டதும் இல்லை.

அப்பா தொழிற்பேட்டையில் ஒரு சாய ஆலையின் கொட்டகையில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். அவரை அங்கே சேர்த்துவிட்டவர் மாமா. அதாவது அப்பாவின் அக்காளான என் அத்தையின் கணவர். மாமாவும் முன்னொரு காலத்தில் அதே கொட்டகையில் மூட்டை சுமந்தவர்தான். பிறகு ஆலைக்கு ஆள் அனுப்பும் ஒப்பந்தக்காரராக உயர்ந்தார். எங்கள் அன்பியத்துக்கும் அவரே தலைவர். ஆகவே, யாருக்கு வேலை என்பதும் யார் வீட்டுக்கு மாதா என்பதும் எங்கள் தெருவில் ஒரே வாயிலிருந்து வந்தன.

ஒரு மழைக்காலம் முடிந்தபோது அப்பாவுக்கு மூச்சு போதாமல் போயிற்று. நான் அதை முதலில் உணர்ந்தது செபமாலையில்தான். செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் முற்பாதியை ஒருவர் சொல்ல, பிற்பாதியை மற்றவர்கள் சொல்வது முறை. எங்கள் வீட்டில் முற்பாதி அப்பாவுடையது. 'அருள் நிறைந்த மரியே' என்று அவர் தொடங்குவார். அங்கே நின்று மூச்சை இழுப்பார். பிறகு 'வாழ்க' என்பார். எட்டு வயது மாணவன் எழுத்துக்கூட்டிப் படிப்பதைப் போல ஒரு வாழ்த்தைப் பல துண்டாக உடைத்துத்தான் அவரால் மாதாவிடம் சேர்க்க முடிந்தது. அம்மா அவருக்குப் பின்னால் அமர்ந்து, தோள்பட்டைகளுக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கையின் அடிப்பகுதியால் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருப்பாள். தேய்க்கும் கையை நிறுத்தாமலே பிற்பாதியையும் சொல்வாள்.

அம்மா சேத்தியாத்தோப்புப் பக்கத்து உழவர் குடும்பத்தில் பிறந்து, திருமணத்தின்போது திருமுழுக்குப் பெற்றுக் கிறிஸ்தவரானவள். செபங்களை வளர்ந்தபின் கற்றவள் என்பதால், பிழையாகச் சொல்லிவிடுவோமோ என்ற அச்சம் அவளுக்கு எப்போதும் உண்டு. அன்பியக் கூட்டங்களில் அவள் வாய்விட்டு மன்றாடி நான் கேட்டதே இல்லை. அத்தைக்கு அந்த அச்சம் கிடையாது. அத்தை ஒரு மன்றாட்டைத் தொடங்கினால், அது உலக அமைதியில் புறப்பட்டு, திருத்தந்தையைத் தொட்டு, எங்கள் தெருவின் கடைசி வீட்டுக் கதவு வரை ஒரே மூச்சில் வந்து சேரும்.

கடலூரில் வாங்கிய மருந்துகளால் பயன் இல்லாமற்போகவே, அம்மா அப்பாவைச் சிதம்பரத்துப் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றாள். பள்ளி விடுமுறை என்பதால் நானும் போனேன். அங்கே மருத்துவர் அப்பாவின் மார்பிலும் முதுகிலும் நெடுநேரம் குழல் வைத்துக் கேட்டுவிட்டு, என்ன வேலை செய்கிறார் என்று விசாரித்தார். அப்பா உள்ளதை உள்ளபடி சொன்னார்.

"சாயப் பவுடர் மூட்ட எறக்குறங்க. கொட்டாயில பொக மாதிரி நிக்கும். வாயில துண்டு கட்டிக்குவோம். வூட்டுக்கு வந்து எச்சி துப்புனா அன்னிக்கு எந்தக் கலரு எறக்குனோமோ அந்தக் கலரு வருங்க."

மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். இதை ஆலை அலுவலகத்தில் சொல்லுங்கள், மருத்துவச் செலவை ஏற்பது அவர்களுடைய கடமை என்றார். அப்பா மருத்துவர் சொன்ன மருந்தையும் உட்கொண்டார். மருத்துவர் சொன்ன சொல்லையும் அலுவலகத்தில் போய்ச் சொன்னார். மறுநாள் முதல் அவருக்கு அங்கே வேலை இல்லை.

அன்று மாலையே மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார். கோபமாக அல்ல, மிகவும் கனிவாக.

"மச்சான், ஒரே ஒரு வார்த்த. எங்க குடும்பத்துக்கே இழுப்பு உண்டுங்க, சின்ன வயசுலேர்ந்தே எனக்கு இருக்குதுங்கன்னு ஆபீசர்கிட்ட சொல்லிடு. திங்கக்கெழமையே உள்ள வந்துடலாம். மூட்ட தூக்க வேணாம், கேட்டுல நிக்கிற வேல வாங்கித் தரேன்."

"இல்லாதத எப்புடி மாமா சொல்றது?"

"சொன்னா இன்னா ஆயிடும்? நாக்கு அழுவிடுமா?"

"பொய் சொல்றதுக்கு ஜாஸ்தி மூச்சு வேணும் மாமா. என்கிட்ட அவ்ளோ இல்ல."

மாமாவின் கனிவு அத்தோடு முடிந்தது. அவர் எழுந்து போனபின், நான் கணக்குப் பாடத்தைப் போல இதைப் போட்டுப் பார்த்தேன். இழுப்பு என்னும் மூச்சிரைப்பு நோய் எங்கள் குடும்பத்துக்கே உரியது என்றால் அத்தைக்கும் அதே குருதிதானே? அத்தைக்கு ஏன் மூச்சு வாங்குவதில்லை? விடை தெளிவாக இருந்தது. இவ்வளவு தெளிவான விடை பெரியவர்களுக்குத் தெரியாமல் இருப்பது எப்படி என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

ஆயினும் நான் கலங்கவில்லை. அக்டோபர் தொடங்கியிருந்தது, மாதா வந்துகொண்டிருந்தாள். மாதா தங்கும் இரவில் அந்த வீட்டுப் பிள்ளை கேட்பது எதுவானாலும் கிடைக்கும் என்பது மறைக்கல்வி வகுப்புப் பிள்ளைகளாகிய எங்கள் உறுதியான நம்பிக்கை. அதை எந்தப் பாடநூலும் சொல்லவில்லை. எவரும் மறுத்ததும் இல்லை. ஒருத்திக்கு மிதிவண்டி கிடைத்திருந்தது. இன்னொருத்தி தம்பியைக் கேட்டு, இரட்டையராகப் பெற்று, இப்போது வருந்திக்கொண்டிருந்தாள். நான் அப்படியெல்லாம் மாதாவைத் தொல்லைப்படுத்தப் போவதில்லை. அப்பாவுக்கு மூச்சு, அது ஒன்றே போதும். மாதா ஓர் இரவு எங்கள் வீட்டில் தங்கினால் மறுநாள் காலை அப்பா முற்பாதியை ஒரே இழுப்பில் சொல்வார். இதில் எனக்கு எள்ளளவும் ஐயம் இருக்கவில்லை.

எங்கள் முறைக்கு முன்னதாக, அடுத்த தெருவில் ஒரு வீட்டில் கூட்டம் நடந்தது. மாமா வழக்கம்போல் சுரூபத்துக்கு அருகில் அமர்ந்திருந்தார். அவரிடம் ஒரு வழக்கம் உண்டு: தலைவராயினும் செபமாலையின் முற்பாதியை ஒருபோதும் தாமே சொல்லமாட்டார். "நீங்க சொல்லுங்கம்மா" என்று பக்கத்திலிருப்பவரிடம் கையை அசைப்பார். வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டு நிழலில் நிற்கும் மேற்பார்வையாளரைப் போல. மன்றாட்டுக்குப் பதில் சொல்லும்போது மட்டும், குறுகிய அந்தக் 'கேட்டருளும்' எல்லாக் குரல்களையும் முந்திக்கொண்டு அவரிடமிருந்து வெடித்து வரும். பெரிய மனிதர்களின் பக்தி இப்படித்தான் இருக்கும் போலும் என்று நான் எண்ணியிருந்தேன்.

மன்றாட்டு நேரம் வந்தது. அத்தை முந்தானையைத் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டு கண்களை மூடினாள்.

"சோறு போட்ட எடத்துக்கே துரோகம் பண்ணிட்டு, கட்டுன பொண்டாட்டியையும் பெத்த பொண்ணையும் பட்டினி போட்டுட்டு, வீம்பு புடிச்சி நிக்கிற ஒரு சகோதரருக்காக, அவருக்குத் தாழ்ச்சியையும் நல்ல புத்தியையும் குடுத்து, பெரியவுங்க சொல்றத கேக்குற மனசையும் குடுத்து, அவரு சம்சாரத்துக்கும் புருசன்கிட்ட எடுத்துச் சொல்ற தைரியத்த குடுக்கணும்னு, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

ஒரே மூச்சு. இடையில் ஒரு காற்புள்ளி அளவுக்குக்கூட அவள் நிற்கவில்லை.

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்றது கூட்டம். கேட்டருளும் என்று சொன்ன குரல்களில் ஒன்று என் பக்கத்திலிருந்து வந்தது. அம்மா சொன்னாள். எந்தச் 'சகோதரர்' என்று தெரியாத குழந்தை கூட அங்கே இல்லை. என் அம்மா தலைகுனிந்து, தெளிவாகவே சொன்னாள். எனக்குக் காது சுட்டது. வீடு திரும்பும் வழியில் அவளை விடவில்லை.

"நீ ஏம்மா கேட்டருளும்னு சொன்ன?"

"எல்லாரும் சொன்னாங்க, நானும் சொன்னேன்."

"அவுங்க அப்பாவ திட்டுனாங்கம்மா!"

"திட்டுனது அத்த. கேக்குறது ஆண்டவரு. எத எடுத்துக்கணும், எத வுட்டுடணும்னு அவருக்குத் தெரியாதா? பேசாம வா, சாக்கடையில கால வுட்டுடப் போற."

இதைக் கோழைத்தனம் என்று நான் முடிவு செய்தேன்.

எங்கள் முறை வந்தது. அம்மா காலையிலேயே வீட்டைக் கழுவிவிட்டாள். எங்களிடம் இருந்தவை நெகிழி நாற்காலிகள். மாதாவை அவற்றில் அமர்த்துவதற்கு எனக்கு மனம் ஒப்பவில்லை. பக்கத்து வீட்டு அக்கா, ஆடி மாதத்தில் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுபவர், தம் வீட்டிலிருந்த கைப்பிடி வைத்த மர நாற்காலியைத் தாமே தூக்கிவந்து போட்டார். "எங்க வூட்டுக்காரரே இதுல ஒக்கார பயப்படுவாரு. மாதா ஒக்காரட்டும்" என்றார். அதன்மேல் அப்பாவின் கிறிஸ்துமஸ் வேட்டியை விரித்தோம். அப்பா, வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், பேருந்து ஏறி மஞ்சக்குப்பம் போய்ப் பூ வாங்கி வந்தார். பேருந்து நிறுத்தத்திலிருந்து வீடு வரையிலான சிறிய தொலைவில் அவர் எத்தனை இடங்களில் நின்று வந்தார் என்பதை, அந்தந்த இடத்துக்காரர்கள் பிறகு எங்களுக்குச் சொன்னார்கள். அம்மா ஒரு குண்டான் நிறையக் கொண்டைக்கடலைச் சுண்டல் செய்து, தேங்காய் துருவிப் போட்டு மூடிவைத்தாள். நான் குளித்து, தலையை வாரிக்கொண்டு, கேட்கவேண்டியதை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தபடி வாசலில் நின்றேன்.

வெளிச்சம் மங்கும் நேரத்தில் பாட்டு கேட்டது. பிறகு மெழுகுவர்த்திகள் தெரிந்தன. மாமா முன்னால் வர, இளைஞர் ஒருவர் சுரூபத்தை ஏந்தி வந்தார். நாங்கள் மூவரும் கைகூப்பினோம். பவனி எங்கள் வாசலுக்கு நேரே வந்தது. எங்கள் வாசலைத் தாண்டியது.

முதலில் எனக்கு அது புரியவில்லை. வண்டிகள் திரும்புவதற்காகச் சற்று முன்னால் போய்த் திரும்புமே, அதுபோல இவர்களும் திரும்புவார்கள் என்று நினைத்தேன். வேலிக்கு அப்பால் கற்பூரத் தட்டோடு நின்ற பக்கத்து வீட்டு அக்காதான் உரக்கக் கேட்டார்.

"என்னா மாமா, மாதா ரூட்டு மாறிப் போறாங்க?"

மாமா நின்றார். பாட்டும் நின்றது. அவர் அக்காவைப் பார்த்து, எங்களுக்குப் பதில் சொன்னார்.

"சமாதானமில்லாத வூட்டுக்கு மாதா எப்புடிம்மா வருவாங்க? காணிக்கைய அங்கியே வெச்சிட்டு மொதல்ல சகோதரனோட ஒத்துப்போன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. மச்சான் நாளைக்கு என்கூட வந்து ஆபீசுல அந்த ஒரு வார்த்தய சொல்லட்டும். நாளைக்கே நானே கூட்டியாறேன்."

"மாதா வர்றதுக்கு" என்று தொடங்கிய அப்பா, மூச்சை இழுத்துக்கொண்டு முடித்தார், "நான் பொய் சொல்லணுமா மாமா?"

அங்கே நின்றவர்களில் பாதிப் பேர் அந்தத் தொழிற்பேட்டையில் உழைப்பவர்கள். இரவுக் காற்று எந்தத் திசையிலிருந்து வீசினால் எந்த ஆலையின் நாற்றம் வரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லக்கூடியவர்கள். அப்பாவின் மூச்சு எங்கே போயிற்று என்பது அவர்களுக்குத் தெரியும். அவர்கள் மெழுகுவர்த்தியை அணையாமல் கையால் மறைத்துக்கொண்டு தரையைப் பார்த்தார்கள். பிறகு ஒரு குரல் பாட்டின் அடுத்த அடியை எடுத்தது. மற்றவை நன்றியோடு அதில் சேர்ந்துகொண்டன. மாமாவையாவது எனக்குப் புரிந்தது என்று அன்று நினைத்தேன். அந்தப் பாட்டை மட்டும் என்னால் இன்று வரை மன்னிக்க முடியவில்லை. ஒரு வீட்டை வாசலோடு அவமதித்துவிட்டு, சுருதி பிசகாமல் எப்படிப் பாடமுடிகிறது?

சுரூபம் அத்தை வீட்டுக்குள் போயிற்று. கண்ணுக்கு மறையும் வரை அப்பா தோளிலிருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். நெற்றியில் சிலுவை வரைந்துகொண்டார். பிறகு உள்ளே வந்து, வெள்ளை வேட்டி விரித்த வெறும் நாற்காலியின் முன் முழந்தாளிட்டார். பூவைக் கைப்பிடியில் சாத்தினார். செபமாலையை எடுத்தார்.

"யாருமே இல்லப்பா" என்றேன்.

"நாக்காலி இருக்குதுல்ல" என்றார். "வரும்போது வரட்டும்."

இது எனக்குப் பொறுக்கக்கூடியதாக இல்லை. அதைவிடப் பொறுக்கமுடியாதது அடுத்து நிகழ்ந்தது. அம்மா சுண்டல் குண்டானைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "வா" என்றாள்.

"எங்க?"

"அத்த வூட்டுக்கு. மாதாவுக்குன்னு செஞ்சது, மாதா எங்க இருக்காங்களோ அங்கதான போவணும்."

"நமக்கு வெக்கமே கெடையாதாம்மா?"

"இருக்குது. அத அப்பறம் பாத்துக்கலாம். மூடிய கெட்டியா புடி."

அத்தை வீட்டில் எங்களைக் கண்டதும் ஒரு கணம் செபம் தடுமாறியது. பிறகு எங்களுக்கு இடம் விட்டார்கள்; எதிரியின் சுண்டலையும் மறுக்காத கூட்டம் அது. மாதா, வண்ண விளக்குகள் மாறிமாறிக் கண்சிமிட்டும் மேடைமேல் நின்றாள். எங்கள் வீட்டுக்கென்று வைத்திருந்த என் வேண்டுதலை நான் இங்கே எப்படிக் கேட்பது? மாதா தங்கும் வீட்டுப் பிள்ளைக்குத்தானே வரம்! முறைப்படி பார்த்தால் இன்றிரவு அப்பாவின் மூச்சு அத்தை வீட்டுக்குப் போகவேண்டும். அவர்களுக்கோ அது ஏற்கெனவே தேவைக்கு மேல் இருந்தது.

செபமாலை முடிந்தது. மன்றாட்டு நேரம். அத்தை முந்தானையைத் தலைக்கு இழுத்தாள். அவள் வாயைத் திறப்பதற்குள் நான் எழுந்து நின்றேன். நான் சொன்னது இன்றும் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது.

"மாதாவே, பொய் சொன்னாத்தான் நீங்க எங்க வூட்டுக்கு வருவீங்கன்னு மாமா சொல்றாரு. எங்க குடும்பத்துக்கே இழுப்பு இருக்குதுன்னு அப்பா சொல்லணுமாம். அத்தையும் அதே குடும்பந்தான். ஆனா அத்த மூச்சே வுடாம எவ்ளோ நேரம் வேணாலும் மன்றாடுறாங்க. அதனால, எங்க அப்பாவுக்கு இருக்குற அதே மூச்ச மாமாவுக்கும் குடுத்தாத்தான் அவருக்குத் தெரியும். அவருக்கும் அதையே குடுக்கணும்னு, ஆண்டவரே, உம்மை மன்றாடுகிறோம்."

கடைசி மூன்று சொற்களை நான் அத்தையின் இராகத்திலேயே முடித்தேன். அதுதான் வினையாயிற்று. ஆண்டுக்கணக்கான பழக்கம் என்பது அறிவை விட விரைவானது. 'உம்மை மன்றாடுகிறோம்' என்ற இராகம் காதில் விழுந்ததும், கூட்டம் முழுவதும் என்ன வேண்டப்பட்டது என்று எண்ணிப் பார்க்கும் முன்பே பதில் சொல்லிவிட்டது. எல்லாருக்கும் முன்னால், எல்லாரையும் விட உரக்க, வழக்கம்போல் மாமாவின் குரல் முழங்கியது:

"ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்!"

சொன்னபின்தான் சொன்னது என்னவென்று அவருக்கு உறைத்தது. பின்வரிசையில் ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டும் அடங்காமல் சிரித்துவிட்டாள். அத்தையின் முகம் வெளுத்துவிட்டது. மாமா என்னை நோக்கிக் கையை நீட்டி ஏதோ சொல்ல வாயெடுத்தார். சொல்லுக்குப் பதிலாக இருமல் வந்தது. சாதாரண இருமல் அன்று. அடிவயிற்றிலிருந்து இழுத்து, மேலே வராமல் சிக்கி, விசில் போல ஒலித்து, மீண்டும் தொடங்கும் இருமல். அந்த ஓசை எனக்கு நன்றாகத் தெரியும். நாள்தோறும் எங்கள் வீட்டில் கேட்பது.

நான் மாதாவை நிமிர்ந்து பார்த்தேன். வண்ண விளக்குகளின் நடுவே அவள் புன்னகை செய்துகொண்டிருந்தாள். என் உடல் முழுவதும் சிலிர்த்தது. கேட்டு முடிப்பதற்குள் கொடுத்துவிட்டாளே!

அத்தை அவர் பின்னால் போய் அமர்ந்து முதுகைத் தேய்த்தாள். தோள்பட்டைகளுக்குச் சற்றுக் கீழே, உள்ளங்கையின் அடிப்பகுதியால், வட்டமாக. அந்தக் குழப்பத்தின் நடுவில்தான் நான் முதன்முறையாக அம்மாவின் மன்றாட்டைக் கேட்டேன். அவள் எழுந்திருக்கவில்லை, தரையைப் பார்த்தபடி சொன்னாள்.

"ஆண்டவரே, இந்தத் தெருவுல மூச்சுக்குத் தவிக்கிற எல்லாருக்காவவும். வெளிய சொல்ல முடிஞ்சவுங்களுக்காவவும், சொல்ல முடியாதவுங்களுக்காவவும்."

எப்போதும் முந்திக்கொள்ளும் குரல் இருமிக்கொண்டிருந்ததால், இதற்குப் பதில் ஒரே குரலாக வரவில்லை. ஆளுக்கொரு நேரத்தில், சிதறிச் சிதறி வந்தது. அத்தை தேய்ப்பதை நிறுத்தாமல், உதடு மட்டும் அசையச் சொன்னாள்.

இதற்கெல்லாம் பொருள் நான் கல்லூரியில் படிக்கும் காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது. அப்பா அதற்குள் மஞ்சக்குப்பத்தில் ஒரு துணிக்கடையின் காவலராகியிருந்தார். சிதம்பரத்து மருந்தோடு மூச்சைச் சிக்கனமாகச் செலவிட்டு வந்தார். மாமாவை அதே சிதம்பரத்து மருத்துவமனையில் சேர்த்தபோது, உடன் போய்த் தங்கியவர் அப்பா. அங்கே கூடத்தில் அமர்ந்திருந்தபோதுதான் அத்தை என்னிடம் சொன்னாள். மாமாவின் மூச்சுத்திணறல் அப்பாவுடையதை விட மூத்தது. மூட்டை சுமந்த நாள்களிலேயே, நான் பிறப்பதற்கும் முன்பே, அது தொடங்கிவிட்டது. தம் குடும்பத்துக்கே இழுப்பு உண்டு என்று அவர் அன்று அலுவலகத்தில் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குக் கிடைத்ததுதான் ஒப்பந்தம். அப்பா உண்மையைச் சொன்னால் மாமாவின் பொய்யும் எழுந்து நிற்கும். அவர் முற்பாதியைச் சொல்லாததற்கும் மூச்சே காரணம். உரக்கச் சொல்ல, ஒரு குறுகிய 'கேட்டருளும்' அளவுக்கு மட்டுமே அவரிடம் மூச்சு இருந்தது. அதை முழுவதுமாகச் செலவழித்து, குறையே இல்லாதவரைப் போல முழங்கினார். என் மன்றாட்டோ, நான் கேட்கும் முன்னரே நிறைவேறி முடிந்திருந்தது.

அம்மாவுக்கு இது தெரியும். முதுகை எங்கே, எப்படித் தேய்ப்பது என்பதை அம்மாவுக்குக் காட்டிக்கொடுத்தவளே அத்தைதான். ஒரு நாள் அடுப்படியில், வெளியே சொல்லக்கூடாது என்ற உறுதிமொழியோடு. தன் கணவனை ஏசும் மன்றாட்டுக்கு அம்மா தெளிவாகப் பதில் சொன்னது, அதைச் சொல்பவளின் அச்சம் அவளுக்குத் தெரிந்திருந்ததால்.

இதையெல்லாம் அறிந்தபின்னும் என் சினம் ஆறிவிடவில்லை. அது இடம் பெயர்ந்தது. ஒரே கொட்டகை இரண்டு பேருடைய மார்பையும் தின்றது. ஒருவர் அதை மறைத்ததற்காகத் தலைவரானார். மற்றவர் சொன்னதற்காக மாதாவை இழந்தார். இருவருக்கும் இடையில் நற்செய்தியைக் கொண்டுவந்து வேலியாக நட்டார்கள். கொட்டகைக்கு எதிராக அந்த மாதம் முழுவதும் எந்த வீட்டிலும் ஒரு மன்றாட்டும் எழவில்லை. செபத்தில் எனக்கு நம்பிக்கை உண்டு. அந்த வெறும் நாற்காலியின் முன் துண்டு துண்டாகச் சொல்லப்பட்ட செபத்திலிருந்துதான் அது வளர்ந்தது. ஆகவேதான், வாயை மூடுவதற்குச் செபத்தைத் துணியாகப் பயன்படுத்துகிறவர்களைக் கண்டால் இன்றும் என்னால் எழுந்து நிற்காமல் இருக்க முடிவதில்லை.

ஆனால் அன்று மாலை எனக்கு இவற்றில் ஒன்றும் தெரியாது. காலியான குண்டானோடு அம்மா நடக்க, நான் குதித்துக்கொண்டு முன்னால் ஓடினேன். பக்கத்து வீட்டு அக்கா வேலியருகே நின்று, "மாதா என்னாடி சொன்னாங்க?" என்று கேட்டதற்கு, "எல்லாத்தையும் கேட்டுட்டாங்க" என்று கத்தினேன்.

அப்பா அதே இடத்தில், நாற்காலியின் முன் இருந்தார். நாங்கள் முழுச் செபமாலையும் மன்றாட்டும் சுண்டலும் முடித்துத் திரும்பிய பின்னும் அவர் முடிக்கவில்லை. நான் மூச்சிரைக்க நடந்ததையெல்லாம் சொன்னேன்: என் மன்றாட்டை, மாமாவின் பதிலை, மாதா உடனடியாகத் தந்த இருமலை. அப்பா மகிழ்வார், குறைந்தது சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் செபமாலையில் விரல் வைத்த மணியை விடாமலே, என்னைத் தாண்டி அம்மாவைப் பார்த்தார்.

"மாமாவுக்கு நின்னுச்சா?" என்று கேட்டார்.

"இன்னும் நிக்கலங்க" என்றாள் அம்மா.

அப்பா தலையை அசைத்துவிட்டு, அந்த மணியிலிருந்தே மறுபடி தொடங்கினார். 'அருள் நிறைந்த மரியே' என்றார், நின்றார். அம்மா குண்டானைக் கீழே வைத்துவிட்டு அவர் பின்னால் போய் அமர்ந்தாள். இருவரும், அன்று மாலை நான் வாங்கிக்கொடுத்த இருமலைப் பற்றித்தான் பேசிக்கொள்கிறார்கள் என்று எண்ணி, மிகுந்த நிறைவோடு நான் நாற்காலிக் கைப்பிடியிலிருந்து ஒரு பூவை எடுத்துத் தலையில் செருகிக்கொண்டேன்.